உலகமுறைமை, சுற்று: 'விளிம்பு' வேண்டாம் என்பதற்கு என் காரணங்கள்

நண்பர்களுக்கு வணக்கம்.

நாடுகளைத் தனித்தனியாக அல்லாமல் ஒரே பொருளாதார முறைமையின் பகுதிகளாகப் பார்த்தவர் அமெரிக்கச் சமூகவியலாளர் இம்மானுவேல் வாலர்ஸ்டைன். அவருடைய கட்டுரையைத் தமிழாக்கும்போது world-systems theory என்பதற்கு 'உலக அமைப்புக் கோட்பாடு' என்றே வைத்துக்கொள்ளலாம் என்று பலரும் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதில் மூன்று சொல்லுமே இடிக்கிறது.

'உலக அமைப்பு' என்றால் செய்தித்தாள் படிக்கும் யாருக்கும் ஐ.நா.தான் நினைவுக்கு வரும். system என்பதற்கு இலங்கை வழக்கில் 'தொகுதி' உண்டு. நரம்புத் தொகுதி, ஞாயிற்றுத் தொகுதி என்று அங்கே அழகாகவே நிற்கிறது. தமிழ்நாட்டிலோ தொகுதி என்றதும் வேட்பாளர் வந்துவிடுவார். 'முறைமை' இரு பக்கமும் புரியும்.

'உலக' இன்னும் நுட்பமான சிக்கல். வாலர்ஸ்டைன் ஆங்கிலத்தில் இரண்டு சொல்லுக்கும் நடுவே ஒரு சிறு கோடு போட்டே எழுதினார். உலகம் முழுவதையும் தழுவியது என்று பொருளல்ல, தானே ஓர் உலகமாக இயங்குவது என்று காட்டத்தான் அந்தக் கோடு. 1974-இல் வந்த அவருடைய பெருநூலின் முதல் பாகத்தில் அவர் காட்டும் 16-ஆம் நூற்றாண்டு முதலாளிய உலகத்தில் ரஷ்யாவும் ஒட்டோமான் பேரரசும் இல்லை. இதே துறையில் எழுதிய ஆந்த்ரே குந்தர் ஃபிராங்க் பின்னாளில் 5,000 ஆண்டுகளாக இருப்பது ஒரே முறைமைதான் என்று வாதிட்டபோது அந்தக் கோட்டை வேண்டுமென்றே எடுத்துவிட்டார். ஒரு கோட்டுக்குள் இவ்வளவு சண்டை!

நமக்குக் கோடு தேவையில்லை, தொகை இருக்கிறது. உலகத்தின் முறைமை என்று விரித்தால் வேற்றுமைத்தொகை. அது அவர் மறுத்த பொருள். உலகமாகிய முறைமை என்று விரித்தால் சாரைப்பாம்பு போல இருபெயரொட்டு, அதுதான் வேண்டும். திரையுலகம், பத்திரிகையுலகம் என்னும்போது நாம் பூமிப்பந்தையா சொல்கிறோம்? ஆகவே 'உலகமுறைமை' என்று சேர்த்தெழுதி, முதன்முறை வருமிடத்தில் விரிவைச் சொல்லிவிடலாம். உலகமுறைமைகள் என்று பன்மையும் ஏற்கும். 'கோட்பாடு' என்ற பெயரை அவரே ஏற்கவில்லை, 'பகுப்பாய்வு' என்றுதான் சொல்லிவந்தார்.

சரி, 'விளிம்பு'க்கு வருவோம். இந்த முறைமைக்குள் நாடுகளை core, semi-periphery, periphery என்று மூன்றாகப் பிரிப்பார்கள். இதில் periphery என்பதற்கு வைக்கும் சொல்தான் விளிம்பு. அர்ஜென்டினப் பொருளியலாளர் ரவுல் பிரேபிஷ் சிலி நாட்டுச் சாந்தியாகோவிலிருந்து 1949-இல் மையம் என்றும் அதைச் சூழ்ந்த நாடுகள் என்றும் பிரித்துப் பேசியபோது, இரண்டையும் பிணைக்கும் வணிகத்தைத்தான் சுட்டினார். தமிழில் விளிம்பு என்றால் 'விளிம்புநிலை மக்கள்' என்று ஏற்கெனவே ஒதுக்கப்பட்ட பொருள் ஒட்டிக்கொண்டுவிட்டது. இங்கே நடப்பது ஒதுக்கல் அல்ல, இழுத்துக் கட்டல். போலந்தின் தானியம் விஸ்துலா ஆற்றில் இறங்கி, கதான்ஸ்க் துறைமுகத்தில் டச்சுக் கப்பலேறி ஆம்ஸ்டர்டாம் போனது. அங்கே விற்க விற்க, போலந்துக் குடியானவன் மேலும் இறுக்கமாகப் பண்ணையோடு கட்டப்பட்டான். கண்டிச் சீமைத் தேயிலை லண்டன் ஏலத்துக்குப் போன காலத்தில் அந்த மலைகளும், அங்கே கொழுந்து பறித்த நம் மக்களும் எந்த விளிம்பில் கிடந்தார்கள்? சந்தைக்கு நடுவில் அல்லவா?

'தலைநாடு, இடைநாடு, கடைநாடு' என்ற யோசனை காதுக்கு இனிமைதான். ஆனால் அது ஏணி. கடையிலிருப்பவர் முயன்றால் தலைக்கு ஏறிவிடலாம் என்று சொன்ன வளர்ச்சிக் கொள்கையைத்தானே வாலர்ஸ்டைன் போன்றவர்கள் மறுத்தார்கள்?

என் பரிந்துரை 'சுற்று'. மதுரைச் சுற்றுவட்டாரம் என்றால் மதுரைக்குக் காய்கறி அனுப்பும் ஊர்கள். மதுரை இல்லாவிட்டால் அந்தப் பெயரே இல்லை. கோயிலின் திருச்சுற்றையும் எண்ணிப் பாருங்கள்: கடைசிச் சுற்றும் மதிலுக்கு உள்ளேதான். எனவே மையம், இடைச்சுற்று, புறச்சுற்று. மையத்துக்குக் கொடுத்துப் புறச்சுற்றிடம் வாங்கும் 17-ஆம் நூற்றாண்டு ஸ்பெயின் போன்றவை இடைச்சுற்று. அதற்கு 'அரைவிளிம்பு' என்பது எனக்குப் பிய்ந்த தோசையைத்தான் நினைவூட்டுகிறது, மன்னிக்கவும். வட்டம் என்றதும் நிலப்படத்தில் வளையம் தேடுவார்கள் என்ற குறை இதற்கு உண்டு. மையம் என்ற சொல்லுக்கும் அதே குறை இருக்கிறது.

மதிலுக்கு வெளியே, முறைமைக்கே வெளியே இருப்பதற்குத்தான் (external arena), அதாவது அன்றைய ரஷ்யாவுக்கும் ஒட்டோமானுக்கும், இன்னும் சொல் அமையவில்லை. 'புறக்களம்' போர்க்களமாக ஒலிக்கிறது, 'புறவெளி' விண்வெளிக்குப் போய்விடுகிறது. அப்புறம், 'புறச்சுற்று' என்று நான் வைத்ததால் அங்கே மறுபடி 'புறம்' வந்தால் குழப்பமும் கூடும். 'அயற்களம்' சரிப்படுமா?