மெய்ப்புக்கு வந்தவர்கள் இரண்டாம் வாரமே காணோம்: தலைவர் ஒருவரைப் போடலாமா?

எழுத்தாணி:
தன்னார்வலர்கள் பழைய நூல்களை இணையத்தில் எழுத்தாக ஏற்றும் விக்கிமூலத்தில் 300 பக்க நூல் ஒன்று மெய்ப்புக்கு, அதாவது கணினி எடுத்த எழுத்தை அச்சுப் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்த, கிடக்கிறது. பெயர் கொடுத்தவர்கள் 14 பேர், இப்போது கை வைப்பவர்கள் 2 பேர். வாட்ஸ்அப்பில் நினைவூட்டினால் கட்டைவிரல் மட்டும் வருகிறது. ஆளுக்கு 20 பக்கம் என்று பங்கு போட்டாச்சு. பரிசு அறிவிக்கலாமா? வேலை வாங்க ஒரு தலைவரை அமர்த்தலாமா?

நுணல்:
பங்கு போட்ட இடத்திலேயே வண்டி நின்றுவிட்டது. தன் பங்கை முடிக்காதவர் கூச்சப்பட்டுக் குழுவில் தலைகாட்ட மாட்டார். அவருடைய பக்கத்தை மற்றவரும் தொட மாட்டார். ஆளுக்கு 5 பக்கம், 7 நாளில் முடியாததை யாரும் எடுக்கலாம் என்று மாற்றுங்க.

புதியவருக்கு முதல் பக்கத்தை நீங்களே பொறுக்கிக் கொடுக்கணும். வெறும் உரைநடை, அடிக்குறிப்பு இல்லாதது. பொருளடக்கப் பக்கம் கையில் சிக்கினால் ஆள் அன்றைக்கே கழன்றுவிடுவார். கூடவே பிழைப் பட்டியலும் தரணும்: துணைக்கால் ‘ர’ ஆகியிருக்கும், ‘எ’ வரவேண்டிய இடத்தில் தமிழ் எண் ‘௭’, ‘க’வுக்கு ‘௧’, ‘அ’வுக்கு ‘௮’. கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும், தேடினால் சொல் சிக்காது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் தும்பிக்கை போட்ட ‘லை’, ‘னை’ எல்லாவற்றையும் ஓசிஆர் (படத்தை எழுத்தாக்கும் மென்பொருள்) குதறி வைத்திருக்கலாம்.

வரப்பு:
எத்தனை பக்கம் மஞ்சளிலேயே, அதாவது ஒருவர் மட்டும் மெய்ப்பு பார்த்த நிலையிலேயே, நிற்கிறது? மெய்ப்பு பார்த்தவரே அதைப் பச்சையாக்க (சரிபார்த்தாயிற்று என்று குறிக்க) முடியாது, இன்னொருவர் சரிபார்க்கணும். அந்த இன்னொருவர் வராவிட்டால், செய்த வேலையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்றுதான் புதியவருக்குத் தோன்றும். அவருடைய முதல் 3 பக்கங்களை 48 மணி நேரத்துக்குள் பாருங்க. பிழை இருந்தால் அவருடைய பேச்சுப் பக்கத்தில் (தளத்தில் அவருக்குச் செய்தி எழுதும் பக்கம்) ஒன்றை மட்டும் காட்டுங்க: “12ஆம் வரியில் ௭ விழுந்திருக்கு, எ ஆக்கிட்டேன்.” பத்தையும் அடுக்கினால் வாத்தியார் சிவப்பு மை நினைவுக்கு வரும்.

பரிசு வேண்டவே வேண்டாம். பக்கத்துக்குப் புள்ளி என்றால் படிக்காமலே மஞ்சளாக்குவார்கள். பச்சைக்கு மட்டும் புள்ளி என்றால் இரண்டு பேர் கூட்டுச் சேர்ந்து ஒருவர் பக்கத்தை மற்றவர் பச்சையாக்குவார்.

எழுத்தாணி:
பதக்கம்கூடவா கூடாது?

நுணல்:
எதற்கென்று எழுதிக் கொடுங்க. “சிறந்த பங்களிப்பு” என்பதை யாரும் படிக்க மாட்டார்கள். “38ஆம் பக்க அட்டவணையை நிமிர்த்தியதற்கு” என்றால் வாங்கியவர் மறக்க மாட்டார்.

கொக்கி:
தலைவர் விஷயத்தை யாரும் தொடலையே. தன்னார்வலர்கள் உருவாக்கும் டெபியன் என்ற கணினி இயங்குதளத் திட்டத்தில் ஆண்டுதோறும் தேர்தல் வைத்துத் திட்டத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் யாருக்கும் வேலை செய்யும் கட்டாயம் இல்லை என்று அதன் அமைப்பு விதிகளிலேயே எழுதியிருக்கிறது. பைத்தான் நிரல்மொழியில் அதை உருவாக்கிய குவிடோ வான் ரோசம் 2018இல் தலைமையிலிருந்து ஒதுங்கியபோது, அவர் இடத்துக்கு 5 பேர் குழுதான் வந்தது. விக்கியிலும் நிருவாகி அணுக்கம் (நிருவாகிக்குக் கிடைக்கும் கூடுதல் உரிமை) என்பது பக்கத்தை நீக்க, பூட்ட, பயனரைத் தடுக்க ஒரு சாவிக்கொத்து, அவ்வளவே. நாட்டாமை செய்ய முடியாது.

வேலையை மூன்றாகப் பிரித்து ஆள் போடுங்க: வரவேற்க ஒருவர், மஞ்சளைப் பார்க்க ஒருவர், ஐயம் தீர்க்க ஒருவர். மூன்றாமவர்தான் முக்கியம். மூலத்தில் உள்ள சந்திப்பிழையைத் திருத்துவதா என்று சண்டை வந்தால் பழைய கைகளும் போய்விடும். அச்சில் உள்ளது உள்ளபடியே என்று முடிவை எழுதி வைத்துவிட்டால் அடுத்தவர் கிளற மாட்டார். 3 மாதத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்க, இல்லையென்றால் ஒரே ஆள் தலையில் விழும்.

எழுத்தாணி:
எண்ணிப் பார்த்தேன், 41 பக்கம் மஞ்சளில் நிற்கிறது. இன்றைக்கே தொடங்குகிறேன். 12 முதல் 20 வரை மட்டும் வேறு யாராவது எடுங்க, அவை நான் மெய்ப்பு பார்த்தவை.