80-ஐத் தொட்டதும் ஸ்டியரிங் ஆடுகிறது

கேள்வி: காசிமேட்டில் மீன் லோடு ஏற்றும் பிக்கப் அண்ணே. செங்குன்றம் தாண்டி 80 கி.மீ. வேகத்தைத் தொட்டதும் ஸ்டியரிங் கடகடவென ஆடுகிறது, 100-இல் கொஞ்சம் அடங்குகிறது. அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) பார்த்தும் பயனில்லை.

பதில்: அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒருபுறமாகத் தேயும், குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் ஆடினால் முதல் சந்தேகம் முன் வீல் பேலன்சிங்தான் (சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இருப்பது), எண்ணூர் ரோட்டுப் பள்ளத்தில் ரிம் வளைந்திருக்கலாம், ஏன், ரிம்முக்குள் காய்ந்த சேறே போதும்.

பதில்: பிரேக் மிதித்தால் மட்டும் ஆடுகிறதா? அப்போ பிரேக் டிஸ்க்கில்தான் கோளாறு.

கேட்டவர்: இல்லை. முன் டயர்களைப் பின்னால் மாற்றினேன், இப்போது சீட் அதிர்கிறது! ஒரு டயரில் லேசான வீக்கம் வேறு.

பதில்: சரி, அதிர்வும் கூடவே பின்னால் போனதால் கோளாறு அந்தச் சக்கரங்களில்தான்; வீங்கிய டயருக்குள் இருக்கும் கம்பி விட்டுவிட்டது. அந்த டயரில் லோடு ஏற்றாதீர்கள், வெடிக்கும்.