பழைய நீச்சல் குளத்தைப் புதுப்பித்தபோது நடந்ததை எழுதுங்கள்

மேற்கு சிட்னியிலிருந்து:

1980-களின் தொடக்கத்தில் கட்டிய கான்கிரீட் குளம். எட்டு மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், குழந்தைகளின் பாதத்தைக் கீறும் அளவுக்குத் தேய்ந்துபோன கூழாங்கல் பூச்சு. மற்றதை இங்கே இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2022 பிப்ரவரி கடைசி வாரத்தில் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்து தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டுப் பழைய பூச்சைக் கொத்தத் தொடங்கினார்கள். இரண்டாம் நாளே மழை பிடித்துக்கொண்டது. வேலையை நிறுத்திவிட்டு, வெயில் வந்ததும் வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்கள். அந்த ஆண்டு சிட்னியில் 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது என்பதும், பதிவுகளிலேயே அதுதான் மிக அதிகம் என்பதும் பின்னர் தெரிந்த செய்தி.

எல்லைகள் திறந்தபின், இரண்டு ஆண்டு இடைவெளிக்குப் பிறகு எங்களைப் பார்க்க அப்பா தஞ்சாவூரிலிருந்து வந்திருந்தார். ஆட்கள் கிளம்பிய அன்று காலை, வெறும் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தவர், அடியில் ஊற்று ஏறினால் இது தாங்குமா என்று கேட்டார். ஊரில் ஓர் ஐப்பசி மழையில், புதிதாகக் கட்டித் தண்ணீர் நிரப்பாமல் விட்டிருந்த செப்டிக் டேங்க் ஒன்று தரையை விட்டு மேலே வந்ததைத் தாம் கண்ணால் கண்டதாகவும் சொன்னார். இவர்கள் தினமும் இதையே செய்கிறவர்கள் அப்பா, இவர்களுக்குத் தெரியும் என்றேன். அவர் மறுபடி கேட்கவில்லை.

நான்காம் நாள் இரவு இரண்டு மணி இருக்கும். பெரிய மரக்கிளை ஒன்று மெதுவாக முறிவது போன்ற சத்தம், நிற்காமல் நீண்டுகொண்டே போனது. டார்ச்சை எடுத்துக்கொண்டு ஓடினேன். எனக்கு முன்பே அப்பா அங்கே குடையோடு நின்றிருந்தார். ஆழமான பக்கத்தில், தரையோடு தரையாக இருந்த கரைக்கல் வரிசை உயர்ந்து நின்றது. அவர் குனிந்து, கல்லுக்கும் தரைக்கும் நடுவே தம் கையை நுழைத்துப் பார்த்தார். நான்கு விரல்கள் நுழைந்தன. நிமிர்ந்தவர் ஒரு சொல்லும் சொல்லாமல் குடையை என் தலைக்கு மேல் பிடித்தார். குழாய்கள் முறிந்ததையும் தொட்டி நடுவில் விரிந்ததையும் மறுநாள் பார்த்தோம். செலவான பணத்தை நான் மறந்துவிட்டேன். காலையில் அவர் கேட்ட கேள்வியை ஒப்பந்தக்காரருக்கு ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாமே என்பதைத்தான் மறக்க முடியவில்லை.

ஹியூஸ்டனிலிருந்து ஒரு தாய்:

2021 பிப்ரவரி உறைபனியில் மின்சாரம் நின்று, மோட்டார் ஓடாமல், தரைக்கு மேலிருந்த குழாய்கள் வெடித்த கதை இங்கே தெருவுக்குத் தெரு உண்டு. எங்கள் குளம் 1974-இல் கட்டியது. குழாயை மாற்றும்போதே பூச்சையும் விளக்கையும் மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

அதற்கு முந்தைய கோடையில், ஏழு வயதான என் மகள் படியின் எஃகுக் கைப்பிடியைப் பிடித்து ஏறும்போது, எறும்பு கடிக்கிறது என்றாள். நான் தேடிப் பார்த்தேன், எறும்பு இல்லை. குளோரின் பட்டுத் தோல் உலர்ந்திருக்கும் என்று சொல்லி அவள் கையைக் கழுவிவிட்டேன். அதன் பிறகு அந்தக் கோடை முழுவதும் அவள் கைப்பிடியைத் தொடாமல், எதிர்ப்பக்கச் சுவரில் கையை ஊன்றி ஏறிக்கொண்டிருந்தாள். அதை விளையாட்டு என்று எண்ணி நான் படம்கூட எடுத்து வைத்திருக்கிறேன்.

தண்ணீரை இறைக்கும் முன் மின்பணியாளர் மீட்டரின் ஒரு முனையைக் கைப்பிடியிலும் மறு முனையைத் தண்ணீரிலும் வைத்தார். சில வோல்ட்டுகள் காட்டியது. வீட்டின் மெயினை அணைத்த பிறகும் அது இறங்கவில்லை. தெருவிலிருந்து வரும் நியூட்ரல் வழியாக இப்படி மின்னழுத்தம் கசிவது உண்டு என்றும், வீட்டிலுள்ள கசிவுத் தடுப்பு சுவிட்ச் இதைக் கண்டுபிடிக்காது என்றும் அவர் சொன்னார். குளத்தின் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி, ஏணி, கைப்பிடி, விளக்கு, மோட்டார், சுற்றுத்தரை எல்லாவற்றையும் தடித்த செப்புக் கம்பியால் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால், எங்கே தொட்டாலும் மின்னழுத்தம் ஒரே அளவாக இருக்கும். வேறுபாடு இல்லாத இடத்தில் உடல் வழியாக மின்சாரம் பாயாது. அமெரிக்க மின்விதியின் 680-ஆம் பிரிவு கேட்பது இதைத்தான். தரையைப் பெயர்த்தபோது, கைப்பிடிக்குப் போன செப்புக் கம்பி பச்சை பூத்துப் பொடியாக உதிர்ந்தது.

புதுப் பூச்சு எந்த நிறம் என்று ஒரு மாதம் யோசித்தவள் நான். குழந்தை சொன்னதை ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

மெல்பர்னிலிருந்து:

என் அனுபவம் சிறியது. 1990-இல் கட்டிய குளத்துக்கு ஓடு, கரைக்கல், விளக்கு என்று எல்லாம் புதிதாகச் செய்து முடித்த பிறகு வேலியைப் பார்க்க ஆய்வாளர் வந்தார். அவர் குளத்தைப் பார்க்கவே இல்லை. கதவை ஒரு சாண் அளவு திறந்து, கையை எடுத்தார். கதவு அப்படியே நின்றது. எந்த இடத்தில் விட்டாலும் அது தானாக மூடிப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. நின்ற கதவையும், அதற்கு நேராக அந்தப் பக்கம் பந்து விளையாடிக்கொண்டிருந்த என் இரண்டு வயதுப் பேரனையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். எதுவும் சொல்லாமல் தாளில் எழுதினார்.

சிட்னி நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். மழையைக் காரணமாக்குவது சரியன்று. கணக்குப் போட்டால் புரியும். உங்கள் குளத்தின் சராசரி ஆழம் ஒன்றரை மீட்டர், கான்கிரீட் கனம் 15 சென்டிமீட்டர் என்று கொள்ளுங்கள். தொட்டியின் எடை ஏறத்தாழ 25 டன். அதற்குள் இருந்த தண்ணீரின் எடை 48 டன். அந்தத் தண்ணீர்தான் தொட்டியை மண்ணில் அழுத்தி வைத்திருந்தது. அதை எடுத்த பிறகு, சுற்றியுள்ள மண்ணில் அடிமட்டத்துக்கு மேல் முக்கால் மீட்டர் ஊற்று நீர் நின்றாலே, தொட்டியின் எடைக்குச் சமமான மேல்நோக்கிய தள்ளல் வந்துவிடும். ஆகவே காலி செய்யும் முன் குளத்தருகே ஒரு குழி தோண்டி, நீர்மட்டம் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அடிவடிகாலில் அழுத்த வால்வு ஒன்று இருக்கும், வெளியே நின்று தள்ளும் ஊற்று நீரைத் தொட்டிக்குள் விடுவது அதன் வேலை; அதைத் திறந்து வைக்க வேண்டும். அது இல்லையென்றால் தொட்டியின் அடித்தரையில் துளை போட்டு, ஊற்று உள்ளே வர வழி விட வேண்டும். உள்ளே வரும் நீரை மோட்டார் வைத்து இறைத்துக்கொள்ளலாம். வெளியே நின்று தள்ளும் நீரை எதுவும் செய்ய முடியாது.

மற்றவர்களுக்கும் சில. நீர் குறைகிறது என்றதும் குளத்தை உடைக்காதீர்கள். ஒரு வாளியில் குளத்து நீரையே நிரப்பிப் படியில் வைத்து, வாளியின் உள்மட்டத்தையும் வெளியே குளத்தின் மட்டத்தையும் குறித்துவிட்டு, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் அது வெயில் குடித்த நீர். குளம் அதிகம் இறங்கியிருந்தால்தான் கசிவு. பூச்சைச் சுத்தியல் பிடியால் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலிக்கும் இடம் கான்கிரீட்டை விட்டுப் பிரிந்த இடம். துருக்கறை தெரிந்தால் மேலே பூசி மறைக்காமல், கம்பி தெரியும்வரை வெட்டி எடுத்துச் சுத்தம் செய்து அடைக்கச் சொல்லுங்கள். பழைய ஒற்றை வேக மோட்டாரைத் தூக்கிவிட்டு வேகம் மாற்றக்கூடியதை வையுங்கள். பாதி வேகத்தில் ஓட்டினால் மின்சாரம் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான் செலவாகும், இரு மடங்கு நேரம் ஓட்டினாலும் லாபமே. பூச்சு மிக மோசமில்லை என்றால் காலி செய்து புதிதாகப் பூசும் வேலையே வேண்டாம்; இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆசிட் விட்டுக் கழுவினால் போதும்.

சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து:

மெல்பர்ன் ஐயா சொன்ன கடைசி யோசனையை யாரும் பின்பற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ஆசிட் விட்டுக் கழுவவும் குளத்தைக் காலி செய்துதான் ஆக வேண்டும். ஆகவே, தொட்டி மிதக்கும் அபாயத்தை அது தவிர்க்கவில்லை. தவிர, ஒவ்வொரு முறையும் ஆசிட் கறையோடு பூச்சையும் கொஞ்சம் தின்னும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை என்றால் விரைவில் சொரசொரப்பாகிவிடும், அந்தச் சொரசொரப்பில் பாசி இன்னும் எளிதாகப் பிடிக்கும். அந்த ஆசிட்டைக் குளோரின் இருக்கும் அறையிலேயே வைக்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் கலந்தால் வருவது நச்சு வாயு.

எங்கள் குளம் கடலிலிருந்து நடந்து போகும் தூரத்தில், மணலில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் இங்கே யாரும் குளத்தைக் காலி செய்ய மாட்டார்கள். நாங்கள் பங்குனியில் செய்தோம். டைல் வேண்டாம், வெள்ளை சிமெண்டும் பளிங்குத் தூளும் கலந்த பூச்சே வேண்டும் என்று நான்தான் பிடிவாதமாக இருந்தேன். அதற்கென்று வந்த கொத்தனார் அறுபது வயதுக்கு மேற்பட்டவர். இரண்டு நாள் வெயிலில் மண்டியிட்டு, கரணையால் தேய்த்துத் தேய்த்து, பூச்சைப் பீங்கான் போல வழவழப்பாக்கினார். நிரப்பத் தொடங்கினால் நடுவில் நிறுத்தக் கூடாது, நின்ற மட்டத்தில் வளையம் போலக் கறை விழும் என்று எச்சரித்தார். 12,000 லிட்டர் லாரி ஐந்து தேவைப்பட்டது. அவை இடைவெளி விட்டு வரும் என்பதால், நான் ஆழ்துளைக் கிணற்றைத் திறந்துவிட்டேன். தண்ணீர் கண்ணாடி போலத்தான் இருந்தது.

நிரம்பிய மறுநாள் காலை, குளோரினை வாளியில் கரைத்து ஊற்றினேன். ஊற்றிய இடத்திலிருந்து பழுப்பு நிறம் கிளம்பி, காபி டிகாக்‌ஷன் கலப்பது போலக் குளம் முழுவதும் பரவியது. கணக்கு முடிக்க வந்திருந்த கொத்தனார் கரையில் நின்று அதைப் பார்த்தார். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, “என் வேலையில குத்தமாங்க?” என்று கேட்டார். எனக்கும் காரணம் தெரியாது. தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் பேசாமல் இருந்தேன். அவர் கடைசித் தவணையை வாங்காமலே போனார்.

கிணற்று நீரில் கரைந்திருந்த இரும்பு, குளோரின் பட்டதும் துருவாக மாறிப் பிரிந்திருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீரைச் சோதித்தவர் பத்து நிமிடத்தில் சொல்லிவிட்டார். வடிகட்டியில் பல நாள் ஓட்டிப் பழுப்பு நீங்கியது; சுவரில் படிந்த கறைக்கு வைட்டமின் சி தூள் உதவியது. கொத்தனாரின் எண்ணைத் தேடிப் பிடித்து, அது தண்ணீரின் குற்றம், உங்கள் பூச்சு அருமையாக இருக்கிறது என்று சொன்னேன். “சரிங்க” என்றார். பணத்தை மகனிடம் கொடுக்கச் சொன்னார். குளத்தைப் பார்க்க ஒருமுறை வாருங்கள் என்று இரண்டு தடவை அழைத்துவிட்டேன், வரவில்லை.

மேற்கு சிட்னியிலிருந்து, மீண்டும்:

மெல்பர்ன் ஐயாவின் கணக்கை ஏற்கிறேன். மழையை நான் குற்றம் சொல்லவில்லை என்பதை மட்டும் பதிவு செய்கிறேன். அழுத்த வால்வு பற்றிச் சொல்லியிருந்தீர்கள். தொட்டியை உடைத்து அகற்றியபோது அது கிடைத்தது. முன்பு யாரோ ஒருமுறை புதுப்பித்தபோது அதன் மேலேயே பூசிவிட்டிருந்தார்கள். இரண்டு அடுக்குப் பூச்சுக்கு அடியில் மூடி இறுகிக் கிடந்தது. அப்படி ஒன்று இருக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால், தேடி எடுத்திருப்போம்.

ஹியூஸ்டன் சகோதரிக்கு: 2023-இல் கட்டிய புதுக் குளத்தில் எங்களுக்கும் எஃகுக் கைப்பிடி இருக்கிறது. இணைப்புக் கம்பியை யாரும் சோதித்ததாக எனக்கு நினைவில்லை. உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். அதுவரை குழந்தைகள் இறங்க மாட்டார்கள்.

நேற்று இங்கே எழுதியதை அப்பாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். இத்தனை ஆண்டுகளில் அந்த இரவைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை. முழுவதையும் கேட்டுவிட்டு, நுழைந்தது நான்கு விரல் இல்லை, கட்டை விரலும் சேர்ந்து நுழைந்தது என்று திருத்தினார்.