இமாசலப் பிரதேசத்தில் வெந்நீர் ஊற்றுகளுக்கு நடுவே சீக்கியக் கோயிலான குருத்வாரா இருக்கும் மணிகரண் சாஹிப் போனவர்கள் சொல்லுங்கள்: அங்கே நடந்ததில் மறக்க முடியாதது எது?

சுக்குக்காப்பி:
அரிசியைத் துணியில் முடிந்து வெந்நீர் ஊற்றில் விடுவார்களே, அந்த இடம். ஆவியில் என் கண்ணாடி மங்கிவிட்டது. பக்கத்தில் நீலத் தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டென்று கயிற்றை என் கையில் திணித்து, "பக்டோ பேட்டா" (பிடித்துக்கொள், குழந்தை) என்று சொல்லிவிட்டுப் போனவர்தான், திரும்பி வரவே இல்லை. மூட்டை உப்பிக்கொண்டே இருக்கிறது. விடவும் முடியவில்லை, தூக்கவும் பயம். கடைசியில் ஓர் அம்மா எட்டிப் பார்த்து, வெந்துவிட்டது என்று கையால் சைகை காட்டி, அவரே அவிழ்த்து அங்கிருந்த எல்லோருக்கும் ஒரு பிடி கொடுத்தார். உப்பில்லாத வெறும் சோறு. பெரியவருடைய பங்கைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் இலவசமாகச் சாப்பாடு போடும் லங்கர் கூடம் முழுக்கத் தேடினேன். நீலத் தலைப்பாகைகள் எத்தனையோ இருந்தன, அவர் மட்டும் இல்லை. மறந்துவிட்டாரா, தெரிந்துதான் கொடுத்தாரா?

ஜன்னலோரம்:
நல்ல அனுபவம்தான், ஆனால் அந்த ஊற்று சிவன் கோயில் பக்கம் சேர்ந்தது நண்பரே. பார்வதியின் காதுமணி தொலைந்து, சேஷநாகம் சீறியதில் வெந்நீரோடு மணிகள் வெளியே வந்தன என்பது அந்த இடத்தின் கதை. குருத்வாராவில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். டிசம்பர், வெளியே விரல் மரத்துப்போகிற குளிர். உள்ளே வெறுங்காலோடு நடந்தால் சில இடங்களில் தரையே சுடுகிறது. ஒரு பாட்டி அப்படிப்பட்ட இடமாகப் பார்த்துப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றித்தான் எல்லோரும் நடந்தார்கள், ஒருவரும் எழுப்பவில்லை.

தேங்காய்நார்:
ஜன்னலோரம், இரண்டு கட்டடமும் ஒட்டித்தானே இருக்கின்றன, ஊற்றுக்கு வேலி போட்டுப் பிரிப்பானேன்? சீக்கியர்களுக்கும் அங்கே கதை உண்டு. குருநானக்கோடு கூடவே பயணம் செய்த மர்தானாவுக்குப் பசி, மாவு இருந்தது, நெருப்பு இல்லை. குரு சொன்னபடி கல்லைப் புரட்டினால் வெந்நீர். போட்ட ரொட்டிகள் முழுகிவிட்டன. இறைவன் பேரால் ஒன்றைத் தருவதாக வேண்டிக்கொண்டதும் வெந்து மிதந்தன. இன்றைக்கும் லங்கர் சமையலில் ஒரு பகுதி அந்த ஊற்றில்தான். எரிமலை என்று வழிகாட்டிகள் அளப்பதை நம்பாதீர்கள். மழைநீரும் பனிநீரும் பாறைப் பிளவுகளில் ஆழமாக இறங்கிச் சூடேறி மேலே வருகிறது, அவ்வளவுதான். ஏறக்குறைய 1,760 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஊற்றும் கிட்டத்தட்ட அந்தச் சூடுதான்.

போகிறவர்களுக்கு ஒன்று. ஜூலை, ஆகஸ்ட் மழைக்காலம், வேண்டவே வேண்டாம். 2015 ஆகஸ்டில் மலையிலிருந்து பாறை உருண்டு குருத்வாரா மேலேயே விழுந்து பலர் இறந்தார்கள். 2025 மார்ச்சில் பக்கத்திலேயே மரம் சாய்ந்து ஆறு பேர் போனார்கள், அது மழைக்காலமும் இல்லை. கீழே இருக்கும் புந்தர் ஊரிலிருந்து 35 கிலோமீட்டர்தான், ஆனால் ரோடு குறுகல், எதிரே பஸ் வந்தால் யாராவது பின்னால் போயே ஆக வேண்டும். காலையிலேயே கிளம்புங்கள். குருத்வாராவுக்குள் தலையை மூடக் கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து ஊரான கசோலில் தங்கிக்கொண்டு மணிகரணை அரை மணி நேரத்தில் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு என்ன சொல்ல! என் அனுபவமா? லங்கரில் தட்டு கழுவினேன், வெந்நீர், கை சிவந்துவிட்டது.

மழைக்கோட்டு:
குளிக்கிற தொட்டிப் படியில் சீக்கியச் சிறுவர்கள் தலையில் கட்டும் பட்கா துணி கட்டிய ஒரு பொடியன். கால் கட்டைவிரலை நனைப்பான், எடுப்பான். அவன் அப்பா கழுத்தளவு தண்ணீரில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். நானும் படியில் தயங்கி நிற்பதைப் பார்த்து, "முதலில் நீங்கள்" என்பதுபோலப் பையன் பெரிய மனுஷத்தனமாகக் கை காட்டினான். இறங்கினேன், அலறினேன். பையன் விழுந்து விழுந்து சிரித்தான். கடைசி வரைக்கும் இறங்கவே இல்லை, படவா.