வெளிநாட்டுக் குழு "சேர்ந்து செய்வோம்" என்கிறது, நாங்கள் என்ன கேட்க வேண்டும்?

உசிலம்பட்டி நர்சம்மா:

எல்லோருக்கும் வணக்கம். நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். உசிலம்பட்டிக்கு மேற்கே நாலு ஊரில், சுய உதவிக் குழுப் பெண்களோடு சேர்ந்து வாரம் ஒரு சாயங்காலம் சர்க்கரை உள்ளவர்களின் கால்களில் உணர்ச்சி குறைந்திருக்கிறதா என்று பார்க்கிறோம். அவ்வளவுதான் வேலை.

ஒரு சித்திரைத் திருவிழா முடிந்த வாரத்தில் ஆரம்பித்தது இது. அழகரைப் பார்க்க வெறுங்காலோடு மதுரைக்குள் நடந்த ஒரு பெரியம்மா, உள்ளங்கால் முழுக்கக் கொப்பளத்தோடு வந்தார். "சுட்டதே தெரியலையேம்மா" என்றார். அந்த வெயிலில், தார் ரோட்டில்!

கருவி எதுவும் எங்களிடம் கிடையாது. கண்ணை மூடச் சொல்லிவிட்டு, இரண்டு காலிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் லேசாகத் தொடுவோம். ஆறில் இரண்டு இடம் தெரியவில்லை என்றாலே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பிவிடுவோம். இங்கிலாந்தில் இப்ஸ்விச் என்ற ஊரிலிருந்து வந்த முறை இது.

செருப்புதான் பெரிய பாடு. பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை போட்டிருக்கும் அண்ணன் எம்.சி.ஆர். என்ற மெத்தென்ற ரப்பர் ஷீட்டில் பின்வார் வைத்துத் தைத்துத் தருகிறார். தொழுநோயாளிகளுக்கு வேலூர், கரிகிரி பக்கம் பல வருஷமாகத் தைக்கிற அதே வகை. முதலில் யாரும் போடவில்லை. "இதப் போட்டுட்டுப் பூ எடுக்கப் போனா, எனக்கு அந்த வியாதின்னு பேசுவாங்க" என்று மூலையில் போட்டுவிட்டார்கள். அண்ணன் ஒன்றும் சொல்லாமல் கறுப்பு வாரை எடுத்துவிட்டு, கடைச் செருப்பு மாதிரி மெரூன் வாரும் ஒரு சின்னப் பூவும் வைத்தார். அப்புறம் கேட்டு வாங்க ஆரம்பித்தார்கள்.

இதைப் பார்த்துவிட்டு ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் குழு, "இதுதான் சோஷியல் இன்னோவேஷன் (ஊர்க்காரர்களே கண்டுபிடித்த புது வழி), மூன்று நாடுகளில் சேர்ந்து செய்வோம்" என்று பதினான்கு பக்கம் அனுப்பியிருக்கிறது. கையெழுத்து வேண்டுமாம். பணத்தை என் கணக்கிலேயே போடலாமா என்றும் கேட்கிறார்கள். நான் வேலையில் இருந்தபோது இப்படித்தான் வேறொரு குழு வந்து, போட்டோ எடுத்து, என் நோட்டுகளை நகலெடுத்துப் போனது. பிறகு ஒரு கடுதாசி கூட வரவில்லை. அதனால் பயமாகவும் இருக்கிறது, விடவும் மனசில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டவுன்ஹால் ரோடு ஆடிட்டர்:

அம்மா, முதலில் பணம். உங்கள் கணக்கில் ஒரு ரூபாய் கூட வாங்காதீர்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். பதிவுக்கு மூன்று வருஷச் செயல்பாடும் அதில் 15 லட்சம் செலவழித்த கணக்கும் கேட்பார்கள். பணம் வருவதே டெல்லியில் ஸ்டேட் பாங்க்கின் மெயின் கிளைக் கணக்குக்குத்தான். பதிவுள்ள ஒரு டிரஸ்ட் வாங்கி உங்களுக்குப் பிரித்துத் தருவதும் 2020 திருத்தத்துக்குப் பிறகு கூடாது. ஆனால் அந்த டிரஸ்டே நேரடியாக நடத்தி, அண்ணனிடம் பில் போட்டுச் செருப்பு வாங்கலாம். அந்த வழியைப் பாருங்கள்.

கே.கே.நகர் ரிட்டயர்டு:

நான் கண் மருத்துவத்துறையில் இருந்தவன். நம்ம ஊர்க் கதையையே சொல்கிறேன், நர்சம்மா. டாக்டர் வெங்கடசாமி ஓய்வுக்குப் பிறகு 1976ல் 11 படுக்கையோடு மதுரையில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். புரை நீக்கிய கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது வெளிநாட்டுச் சரக்கு, ஏழை வாங்குகிற விலை இல்லை. தானமாகக் கொஞ்சம் வரும். தானம் என்றைக்கும் ஒரே அளவில் வராது. அமெரிக்காவின் சேவா அறக்கட்டளை நட்பாக இருந்தது. அவர்களோடு சேர்ந்து, லென்ஸை இங்கேயே செய்கிற தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்தார்கள். 1992ல் ஆரோலேப் என்ற லென்ஸ் தொழிற்சாலை வந்தது. இப்போது நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு இங்கிருந்து போகிறது. லைகோ என்ற பயிற்சி நிலையத்துக்கு மற்ற நாட்டு ஆஸ்பத்திரிக்காரர்கள் வந்து கற்றுக்கொண்டு போகிறார்கள்.

அதனால் பொருளைக் கேட்காதீர்கள், கைவேலையைக் கேளுங்கள். நடக்கும்போது உள்ளங்காலில் எங்கே அழுத்தம் விழுகிறது என்று அளக்கும் கருவி உண்டு. அதைக் கொண்டுவந்து, அண்ணன் செருப்பை அளந்து, எங்கே வெட்ட வேண்டும் என்று அவருக்குக் காட்டட்டும். மற்ற நாடுகளுக்குப் போகிற பயணப் பட்டியலில் டாக்டர்கள் பெயர் மட்டும் இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். அண்ணன் பெயரும் இருக்க வேண்டும்.

திருமங்கலத்தான்:

ஆராய்ச்சிப் பேப்பர் அவங்களுக்கு, புண்ணு நமக்கு. இதான் எப்பவும் நடக்கும்.

பொதுசுகாதார மாணவி:

அண்ணே, கோபம் நியாயம்தான், ஆனால் எல்லாமே அப்படி இல்லை. உலக சுகாதார நிறுவனத்தில் இருக்கும் டிடிஆர் என்ற வெப்பமண்டல நோய் ஆராய்ச்சித் திட்டத்தின் துணையோடு 2014ல் இதற்கென்றே ஒரு முயற்சி தொடங்கினார்கள். உகாண்டா, மலாவி, பிலிப்பைன்ஸ், கொலம்பியா என்று அந்தந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஆராய்ச்சி நிலையங்களுமே உள்ளூர் ஆட்களின் யோசனைகளைத் தேடி எடுக்கின்றன.

அம்மா, இது ஆராய்ச்சி என்றால் உள்ளூர் நெறிமுறைக் குழு ஒப்புதல் வேண்டும். வெளிநாட்டுக் கூட்டு என்பதால் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வழியாகச் சுகாதார அமைச்சகத்தின் பரிசீலனைக் குழுவுக்கும் போக வேண்டும். விண்ணப்பிக்க வேண்டியது இந்தியப் பக்கத்து ஆய்வாளர். அவர் யார் என்று கேளுங்கள். பெயர் சொல்லத் தடுமாறினால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஒப்புதல் படிவம் நம்ம ஊர் பேச்சுக்குப் புரிகிற தமிழில் இருக்கட்டும். கால் போட்டோவில் முகம் வேண்டாம். நோட்டின் அசல் உங்களிடமே இருக்கட்டும்.

உசிலம்பட்டி நர்சம்மா:

எல்லோருக்கும் நன்றி. திருமங்கலத்துத் தம்பி, நீங்கள் சொன்னதைத்தான் என் வீட்டுக்காரரும் சொன்னார்.

நேற்று குழுக் கூட்டத்தில் பதினான்கு பக்கத்தையும் தமிழில் சொல்லிக் காட்டினேன். இந்தியப் பக்கம் யார் என்ற இடம் காலியாகத்தான் இருக்கிறது. கேட்டு எழுதிவிட்டேன். பணத்தைப் பற்றி, பதிவுள்ள டிரஸ்ட் ஒன்றிடம் நாளை பேசப் போகிறேன்.

எல்லாம் சொல்லி முடித்தபின் அண்ணன் ஒன்றே ஒன்று கேட்டார். "மத்த ரெண்டு நாட்டுலயும் இந்த மாதிரி காலுக்கு என்ன போடுறாங்க? வரும்போது ஒரு ஜோடி கொண்டாரச் சொல்லுங்க, பிரிச்சுப் பாக்கணும்."

கடிதத்தில் அதை முதல் வரியாகவே போட்டிருக்கிறேன். செருப்பு அளவு, எட்டாம் நம்பர்.