எடின்பரோ ஆன்லைன் எம்.எஸ்சி. படித்த சர்ஜன்கள் யாராவது இருக்கிறீர்களா?

சீனியர்களுக்கு வணக்கம். நான் எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை, இரண்டாம் வருடம். எடின்பரோ பல்கலைக்கழகமும் அங்குள்ள ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸும் சேர்ந்து 2007 முதல் ஆன்லைனில் நடத்தும் சர்ஜிக்கல் சயின்சஸ் எம்.எஸ்சி.யில் சேரலாமா என்று யோசிக்கிறேன். பகுதி நேரமாக மூன்று வருடம். முதல் வருடத்தோடு நிறுத்தினால் சான்றிதழ், இரண்டாவதோடு நிறுத்தினால் டிப்ளமோ, மூன்றாவது வருடம் ஆய்வு. பாடங்கள் எம்.ஆர்.சி.எஸ். (பிரிட்டனில் சர்ஜரி பயிற்சி மருத்துவர்கள் எழுதும் ராயல் காலேஜ் உறுப்பினர் தேர்வு) பாடத்திட்டத்தை ஒட்டியே இருக்கின்றன. எனக்கு ஆசை வந்ததே அதனால்தான்.

கத்தி பிடிப்பதைத் திரையில் கற்க முடியாது, இது எம்.எஸ்.ஸுக்கு மாற்றும் இல்லை. அது தெரிந்துதான் கேட்கிறேன்.

வாரத்துக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் போகும்? எமர்ஜென்சி ட்யூட்டி வாரங்களில் அவர்களின் ஆன்லைன் கேஸ் விவாதத்தில் எழுதாமல் விட்டால் மதிப்பெண் அடிபடுமா? இங்கே தீசிஸ் எழுதிக்கொண்டே அங்கே ஆய்வையும் முடித்தவர் உண்டா? எம்.ஆர்.சி.எஸ். முதல் பகுதிக்கு இது கைகொடுத்ததா, இல்லை கேள்வி வங்கியை மட்டும் போட்டுப் பார்த்தாலே போதுமா?

அப்புறம் கட்டணம். பவுண்டில் பார்த்தாலே தலை சுற்றுகிறது. காமன்வெல்த் உதவித்தொகை வாங்கிப் படித்தவர்கள் இருந்தால் அவசியம் சொல்லுங்கள். இன்பாக்ஸிலும் எழுதலாம். இன்று நைட் ட்யூட்டி, பதில் போடத் தாமதமானால் கோபிக்காதீர்கள்.