வாள் வீசும்போது அடிபட்டால், அப்புறம் தாக்கவே முடிவதில்லை

கேள்வி:
வணக்கம். கோடோட் 4 கேம் எஞ்சினில் ஒரு டூடி பிளாட்ஃபார்மர் (ஓடிக் குதித்துப் போகும் வகை கேம்) செய்து பழகுகிறேன். வீரனுக்கு நான்கு பூலியன் (ட்ரூ அல்லது ஃபால்ஸ் மட்டும் வைக்கும் வேரியபிள்) வைத்திருக்கிறேன்: குதிக்கிறானா, தாக்குகிறானா, அடிபட்டானா, இறந்தானா. தனித்தனியாக எல்லாம் ஓடுகிறது. ஆனால் வாளை வீசும்போதே எதிரி மோதிவிட்டால், அதற்குப் பிறகு தாக்கும் பட்டனை எவ்வளவு அழுத்தினாலும் ஒன்றும் நடப்பதில்லை. சில சமயம் செத்த பிறகும் குதிக்கிறான். இஃப்-க்குள் இஃப் போட்டு இப்போது கோடைப் படிக்கவே முடியவில்லை. எங்கே கை வைப்பது?

பதில்:
'தாக்குகிறானா'வை ஃபால்ஸ் ஆக்கும் வரி, அனிமேஷன் முடிந்ததும் வரும் சிக்னலுக்குள்தானே இருக்கிறது? நடுவில் அடிபடும் அனிமேஷன் புகுந்துவிட்டால் வாள் வீச்சு கடைசி ஃப்ரேமுக்குப் போவதே இல்லை. சிக்னலும் வராது. பூலியன் ட்ரூவாகவே நின்றுவிடும்.

அந்த ஒரு வரியை ஒட்டுப்போட்டுச் சமாளித்துவிடாதீர்கள், தயவுசெய்து. நான்கு பூலியன் என்றால் 16 சேர்க்கை. 'இறந்தான், ஆனாலும் குதிக்கிறான்' என்பதும் அதில் ஒன்று. நீங்கள் இடம் கொடுத்ததால்தான் அது நடக்கிறது. நான்கையும் எடுத்துவிட்டு 'நிலை' என்று ஒரே வேரியபிள் வையுங்கள். எனம் (பெயர் வைத்த மதிப்புகளின் பட்டியல்) எழுதி நிற்பது, ஓடுவது, குதிப்பது, தாக்குவது, அடிபடுவது, இறப்பது என்று பெயர் கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றுதான் இருக்க முடியும்.

முக்கியமானது இது: நிலையை நேரடியாக எங்கேயும் மாற்றாதீர்கள். 'நிலை_மாற்று' என்று ஒரே ஃபங்ஷன். இப்போதைய நிலை இறப்பது என்றால் முதல் வரியிலேயே ரிட்டர்ன். அடுத்து, பழைய நிலையை விட்டு வெளியேறும் வேலை: தாக்குதலிலிருந்து வெளியேறினால் வாளின் ஹிட்பாக்ஸை (எதிரிமேல் பட்டால் அடியாகக் கணக்காகும் பகுதியை) அணைப்பது. கடைசியில் புதிய நிலைக்குள் நுழையும் வேலை: அனிமேஷனை ஓடவிடுவது. வீச்சு ஒழுங்காக முடிந்தாலும் பாதியில் அடிபட்டாலும் ஹிட்பாக்ஸ் அணைந்தே தீரும்.

இன்னொருவர்:
மேலே சொன்னது சரி. ஒன்று மட்டும்: அடி விழுவது ஏரியா சிக்னலிலிருந்து (ஒரு பகுதிக்குள் ஏதாவது நுழைந்ததும் கோடோட் அனுப்பும் சிக்னல்) வந்தால் ஹிட்பாக்ஸின் டிசேபிள்டு பண்பை நேரடியாக மாற்றாமல் செட்_டிஃபர்டு (மாற்றத்தைச் சற்றுத் தள்ளிப்போடும் ஃபங்ஷன்) வழியாக மாற்றுங்கள். இயற்பியல் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது கோடோட் அதை ஏற்காது, எரர்தான் வரும்.

கேட்டவர்:
மாற்றிவிட்டேன், இரண்டு தொல்லையும் போய்விட்டது! அடிபட்ட பிறகு ஒரு நொடி மின்னிக்கொண்டே இருப்பான், அப்போது சேதம் ஆகாது. அதையும் ஒரு நிலையாகச் சேர்க்கலாமா?

பதில்:
வேண்டாம். மின்னும்போது அவன் ஓடலாம், குதிக்கலாம், தாக்கலாம் இல்லையா? சேர்த்தால் 'மின்னிக்கொண்டே ஓடுவது', 'மின்னிக்கொண்டே குதிப்பது' என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் நடக்கலாம் என்றால் அவை ஒரே வேரியபிளில் இருக்கக்கூடாது. அதற்குத் தனியாக ஒரு டைமர் போதும்.

அப்புறம், எதிரிகளுக்கும் இதேபோல் ஆளுக்கொரு 'நிலை' வையுங்கள், பொதுவாக ஒன்று வேண்டாம். 1980-ல் வந்த பேக்-மேன் கேமைப் பாருங்கள். தின்னப்பட்ட பேய் வெறும் கண்களாக வீட்டுக்குப் போய் மறுபடி வரும்போது, மற்றவை இன்னும் நீலமாகப் பயந்து திரிந்தாலும், அது மட்டும் பழைய நிறத்தில் துரத்த வரும்.